மோலி மலோனைப் பார்க்க வரும் நம் மக்களுக்கு

அன்புள்ள உறவுகளே,

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினைச் சுற்றிப் பார்க்க வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கும், இங்கே படிக்க வந்து இறங்குகிற தம்பி தங்கைகளுக்கும், வந்தவர்களுக்கு ஊரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். சஃபோக் தெருவில் நிற்கிற மோலி மலோன் சிலையைப் பற்றிய வேண்டுகோள் இது. அவள் மார்பில் கை வைக்காதீர்கள். கை வைக்கிறவரைப் படம் எடுக்காதீர்கள். கூட வந்தவர் கையைக் கொண்டு போனால் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு மடலா என்று சிலருக்குத் தோன்றும். பல வருடங்கள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அவள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் அது தெரியாமலேயே நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறோம்.

மோலி மலோன் ஒரு பாட்டில் வருகிற பெண். டப்ளின்காரர்கள் அந்தப் பாட்டைத் தங்கள் ஊரின் கீதம் போலவே பாடுகிறார்கள். டப்ளின் அணி அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்து ஆடும்போதும், லெய்ன்ஸ்டர் அணி ரக்பி ஆடும்போதும் கூட்டத்திலிருந்து அது எழும். கதை மூன்றே கண்ணிகளில் முடிந்துவிடும். ஒரு இளம்பெண் தள்ளுவண்டியில் மட்டியும் சிப்பியும் நிரப்பி, அகலமான தெருவிலும் ஒடுக்கமான சந்திலும் தள்ளிக்கொண்டு போய், உயிரோடு இருக்கிற சரக்கு என்று கூவி விற்கிறாள். அவள் அப்பாவும் அம்மாவும் அதே தொழில்தான். அவர்களும் வண்டி தள்ளியவர்கள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. யாராலும் காப்பாற்ற முடியவில்லை. செத்த பிறகும் அவள் ஆவி அதே தெருக்களில் வண்டி தள்ளிக் கூவிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. பரம்பரைத் தொழில், தெருத் தெருவாக நடை, தொண்டை வறளக் கூவுவது, வைத்தியத்துக்கு வழியில்லாத ஒரு காய்ச்சல்.

இந்தப் பாட்டு 1883இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அச்சாகியிருக்கிறது. அடுத்த வருடம் லண்டனில் வெளியானபோது, இயற்றியவர் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் யார்க்ஸ்டன் என்று போட்டிருந்தார்கள். ஆக, டப்ளின் வீதிகளில் தானாக முளைத்த பாட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பாட்டு யாருடையது என்பதை அச்சடித்தவர் மட்டும் முடிவு செய்வதில்லையே. இந்த ஊர் மக்கள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் பாடிப் பாடித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். எழுதியவர் பெயர் யாருக்கும் நினைவில்லை, மோலி நிற்கிறாள். நாட்டுப்பாடல் என்றால் எனக்கு அதுதான்.

சிலை வந்தது 1988இல். டப்ளின் நகரம் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிய வருடம் அது. செய்தவர் ஜீன் ரைன்ஹார்ட் என்ற பெண் சிற்பி. முதலில் கிராஃப்டன் தெருவின் கீழ்முனையில் நின்றது. லுவாஸ் டிராமுக்குப் புதுப் பாதை போடுவதற்காக 2014இல் பக்கத்திலேயே சஃபோக் தெருவுக்கு மாற்றினார்கள். இப்போது நீங்கள் லுவாஸ் பச்சைத் தடத்தில் டிரினிட்டி நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். புக் ஆஃப் கெல்ஸ் என்கிற பழைய சித்திரக் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க டிரினிட்டி கல்லூரிக்குப் போகிறவர்கள் எல்லோருமே அநேகமாக அடுத்து இங்கேதான் வருகிறார்கள்.

அந்தச் சிற்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனவள் ஆனி மூர் என்ற அயர்லாந்துச் சிறுமி. தம்பிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கார்க் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவள். அவளுக்கு, அவள் கப்பல் ஏறிய கோவ் துறைமுகத்தில் ஒரு சிலையும் எல்லிஸ் தீவில் ஒரு சிலையும் இருக்கின்றன. இரண்டுமே ரைன்ஹார்ட் செய்தவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரியாத நாட்டுக்கு வந்த நமக்கு ஆனி மூர் யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே கைதான் ஆனியையும் செய்தது, மோலியையும் செய்தது. ஒன்று பிழைக்கப் போன பெண், இன்னொன்று ஊரிலேயே இருந்து வண்டி தள்ளிய பெண். ரைன்ஹார்ட் 2020இல் காலமானார்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் படிக்க வந்த முதல் வாரம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஊர் பார்க்கக் கிளம்பினோம். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி மோலியின் முன் நிறுத்தி, அவள் மார்பைத் தடவினால் அதிர்ஷ்டம், மறுபடி டப்ளினுக்கு வருவீர்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். பையன்கள் வரிசையாகப் போனார்கள். இரண்டு பெண்களும் போனார்கள். நான் போகவில்லை. ஆனால் எல்லோருடைய ஃபோனையும் வாங்கி ஒவ்வொருவருக்கும் படம் எடுத்துக் கொடுத்தேன். சிரித்தேன். என் உள்ளங்கை வியர்த்தது இன்னும் நினைவிருக்கிறது, ஆனாலும் சிரித்தேன். புது ஊரில், புது ஆட்களோடு, சிரிக்காமல் நிற்கிற தைரியம் எனக்கு அன்று இல்லை. அந்தப் படங்களில் ஒன்று பழைய ஃபோனில் இன்னும் கிடக்கிறது. அதனால் இந்த மடலை நான் எதுவும் செய்யாதவள் என்ற இடத்திலிருந்து எழுதவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தத் தெருவைக் கடந்திருப்பேன். வந்த விருந்தாளிகளை எல்லாம் அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். பித்தளை நிறத்தில் மின்னுகிற அந்த இடம் கண்ணில் படும், அதைத் தாண்டிப் போய்விடுவேன்.

2024 ஜூன் மாதம் அம்மா வந்தார். ஊரை விட்டு, கடலை விட்டு இவ்வளவு தூரம் அவர் வந்தது அதுவே முதல் தடவை. எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். அப்பா கட்டுமரத்திலும் பிறகு வள்ளத்திலும் கடலுக்குப் போனவர். அம்மா கரையில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, உள்ளூர்த் தெருக்களில் விற்றவர். என் பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், நான் விமானம் ஏறிய டிக்கெட் வரைக்கும் அந்தக் கூடையிலிருந்து வந்தது. இங்கே வந்த பிறகு ரொம்ப நாள் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "அப்பா மீன்பிடித் தொழில்" என்பேன். அம்மாவின் கூடையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

இங்கே ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு நடக்கலாம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு சஃபோக் தெருவுக்குப் போனேன். அவருக்கு மோலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிலையைப் பார்த்ததும் அம்மா நேராக வண்டிக்குத்தான் போனார். மோலியின் முகத்தைப் பார்க்கவில்லை, உடையைப் பார்க்கவில்லை. வண்டியில் இருக்கிற கூடைகளைக் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு கூடையின் விளிம்பைத் தடவினார்.

"ஏட்டி, இது மட்டியில்லா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ இவ மீன்காரியா? மீன்காரிக்கா இந்த ஊர்ல சிலை வச்சிருக்கு?"

அம்மாவின் குரலில் இருந்த ஆச்சரியத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. ராஜாவுக்கும் தலைவர்களுக்கும் புனிதர்களுக்கும் சிலை வைப்பதைப் பார்த்திருக்கிறார். மீன் விற்ற பெண்ணுக்கு, அதுவும் நகரத்தின் நடுவில், கடைகளெல்லாம் மினுக்குகிற தெருவில் சிலை வைப்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. நான் பாட்டின் கதையைச் சொன்னேன். அப்பா அம்மாவும் அதே தொழில் என்றதும் தலையாட்டினார். காய்ச்சலில் செத்துப்போனாள் என்றதும் "பாவம்" என்று சொல்லிவிட்டு, முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

சிலைக்குப் பின்னால் இருப்பது முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். யார் பேரில் என்று அம்மா கேட்டார். புனித அந்திரேயா என்றேன். "அவரும் வலை போட்டவருதானே" என்றார் உடனே. பல வருடமாக அந்தச் சுவரையும் அந்தச் சிலையையும் சேர்த்துப் பார்த்தவள் நான். மீன்பிடித்த அப்போஸ்தலரின் கோயில் வாசலில் மீன்காரி நிற்கிறாள் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. டிராம் பாதை போடுவதற்காகத் தற்செயலாக அமைந்த இடம்தான். ஆனாலும் அம்மா சொன்ன பிறகு அந்த இடம் எனக்கு வேறாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு கூட்டம் வந்தது. இளைஞர்கள், ஏழெட்டுப் பேர். எந்த நாட்டுக்காரர்கள் என்று சொல்லப் போவதில்லை. எல்லா நாட்டுக்காரர்களும் செய்கிறார்கள், நம்மவர்களும் செய்கிறார்கள். ஒருவன் போய் இரண்டு கைகளையும் வைத்தான். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அப்புறம் அடுத்தவன். ஒருவன் முகத்தையும் கொண்டு போனான். பெரிய சிரிப்பு. இரண்டு நிமிடம் இருக்கும். போய்விட்டார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவனுவ ஏன் சிரிக்கானுவ?"

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. மோலியின் கைகளைக் காட்டினார்.

"ரெண்டு கையும் வண்டியில இருக்கு பாரு."

மோலியின் இரண்டு கைகளும் வண்டியின் பிடியில்தான் இருக்கின்றன. அதைவிட்டால் வண்டி நிற்காது. நான் இதைக் கவனித்ததே இல்லை. பிறகு அம்மா சொன்னார். தலையில் கூடை இருக்கும்போது கை இரண்டும் மேலேதான் இருக்கும். கீழே இறக்க முடியாது. இறக்கினால் அன்றைய மீன் மொத்தமும் தெருவில். சந்தையின் நெரிசலில், பேருந்து நிறுத்தத்தில், அது தெரிந்தவன் பக்கத்தில் வருவான். கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு அவனோடு சேர்ந்து சிரிப்பார்கள். "மீன்காரிதானே" என்பார்கள்.

இவ்வளவுதான் சொன்னார். எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அம்மா இதை என்னிடம் அதுவரை சொன்னதில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வேறு எதையோ பேசினார், தக்காளி விலையைப் பற்றி என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்துதான் இந்த மடல் எனக்குள் கிடக்கிறது.

அதிர்ஷ்டம் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றிக் கொஞ்சம். இந்த ஊர் வழக்கம், மரபு, தொட்டுவிட்டுப் போவதுதான் முறை என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலையே 1988இல் வந்தது. என்னைவிடச் சில வருடம்தான் மூத்தது. அதைத் தொடுவது எப்படித் தொன்றுதொட்டு வந்த வழக்கமாக இருக்க முடியும்? டப்ளின்காரர்கள் யாரும் தங்கள் வேண்டுதலுக்காக அவளிடம் வருவதை நான் பார்த்ததில்லை. வருவது எல்லாம் சுற்றுலாக் கூட்டம். கோயிலில் தூணைத் தொட்டுக் கும்பிடுகிற பழக்கம் உள்ள நாம், "இங்கே தொட்டால் நல்லது" என்று ஒருவர் சொன்னால் கேள்வி கேட்காமல் கையை நீட்டிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் சொல்கிறேன், இது அது இல்லை. கும்பிட்டுத் தொடுகிற கைக்கும் கண்ணடித்துத் தொடச் சொல்கிற கைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும்.

இன்னொரு கதையும் சொல்வார்கள். மோலி நிஜமாக வாழ்ந்தவள், பகலில் மீன் விற்றாள், இரவில் உடலை விற்றாள் என்று. சிலைக்கு இந்த ஊரில் ஓசை நயத்தோடு கேலிப் பெயர்கள் உண்டு, அதெல்லாம் இந்தக் கதையிலிருந்து வருவதுதான். ஆனால் பாட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. அவள் வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லை. 1988இல் விழாக் குழுவினர், 1699 ஜூன் 13 அன்று இறந்த ஒரு மேரி மலோன்தான் இவள் என்ற கதையை ஏற்றுக்கொண்டு, ஜூன் 13ஐ மோலி மலோன் நாள் என்று அறிவித்தார்கள். மேரி, மலோன் இரண்டுமே இங்கே சாதாரணமாகக் காணப்படுகிற பெயர்கள். அந்த மேரிக்கும் பாட்டுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்ட எதுவும் கிடையாது. (ஜூன் 13 எங்கள் கரைக்காரர்களுக்குப் புனித அந்தோணியார் திருநாள். அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.)

பாட்டில் இல்லாத அந்த இரவுக் கதை எங்கிருந்து வந்தது? தெருவில் இறங்கி, குரல் கொடுத்து, ஆண்களிடம் பேரம் பேசி விற்கிற பெண்ணைப் பற்றி எந்த ஊர்தான் இப்படிப் பேசாமல் இருந்திருக்கிறது? நம் ஊரில் மீன்காரியைப் பற்றி, பூக்காரியைப் பற்றி, வாய்ச் சண்டையில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். வேலைக்காகத் தெருவுக்கு வந்தவள் எல்லோருக்கும் பொதுவானவள் என்கிற அந்த எண்ணம்தான் கடல் தாண்டி இங்கேயும் நிற்கிறது. அப்புறம், ஒருவேளை அவள் அப்படியே இருந்திருந்தாலும் என்ன? அதனால் போகிற வருகிறவன் எல்லாம் கை வைக்கலாம் என்று ஆகிவிடுமா? இந்தக் கேள்வியைச் சிலையின் முன் நின்று யோசிப்பதைவிட, நம் வீட்டுப் பெண்கள் பேருந்தில் போவதை நினைத்துக்கொண்டு யோசித்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

சிலைதானே, உயிரா இருக்கிறது, அவளுக்கு வலிக்கவா போகிறது என்று என்னிடம் ஒரு தம்பி கேட்டான். நல்ல பையன், கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவளுக்கு வலிக்காதுதான். ஆனால் வெண்கலத்துக்கு என்ன ஆகிறது என்று அவனுக்குச் சொன்னேன். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகம் அது. வார்த்த பிறகு சூடும் ரசாயனமும் கொடுத்து மேலே ஒரு கருமையான படலத்தை உண்டாக்குவார்கள். அதன்மேல் மெழுகு பூசிக் காப்பார்கள். அந்தப் படலம்தான் உலோகத்துக்குத் தோல் மாதிரி. கைபட்டுக் கைபட்டு, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து உரசி, அது தேய்ந்துபோன இடத்தில்தான் மஞ்சளாக மின்னுகிறது. பளபளப்பாகத் தெரிகிற அந்த இடம், தோல் உரிந்த இடம். இத்தாலியின் வெரோனாவில் ஜூலியட் சிலைக்கும் இதே கதிதான். அங்கேயும் மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்றார்கள். தொட்டுத் தொட்டு அது சேதமாகி, 2014இல் அசலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே ஒரு நகலை நிறுத்தினார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், அந்தத் தம்பிக்கு நான் சொல்ல விரும்பியது உலோகத்தைப் பற்றி இல்லை. சிலைக்கு வலிக்காது. பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு வலிக்கும். அன்று என் அம்மா நின்றார். தினமும் அந்தத் தெருவில் பள்ளிக்கூடப் பெண்கள் போகிறார்கள், கடைகளில் வேலை செய்கிற பெண்கள் போகிறார்கள். ஒரு பெண்ணுருவம் நடுத்தெருவில் நின்றால் என்ன செய்யலாம் என்று அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

இதை முதலில் உரக்கச் சொன்னதும் ஒரு பெண்தான். டிரினிட்டியில் படித்துக்கொண்டே தெருவில் பாடுகிற மாணவி ஒருவர், மோலியின் பக்கத்தில் நின்று பாடும்போது நாளெல்லாம் இதைப் பார்த்து வெறுத்துப்போய், 2024இல் மோலியை விட்டுவிடுங்கள் என்று இயக்கமே தொடங்கினார். அதன் பிறகுதான் ஊர் பேசத் தொடங்கியது. 2025 மே மாதம் டப்ளின் மாநகர மன்றம் சிலைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் ஆட்களை நிறுத்தி, வருகிறவர்களிடம் தொட வேண்டாம் என்று எடுத்துச் சொல்ல வைத்தது. சிலையை உயரமான பீடத்தில் ஏற்றலாமா, தேய்ந்த இடத்துக்கு மறுபடி நிறம் கொடுக்கலாமா என்றெல்லாம் யோசனைகள் பேசப்பட்டன.

பீடத்தில் ஏற்றுகிற யோசனையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மெரினாவில் கண்ணகி உயரத்தில் நிற்கிறாள், கையில் சிலம்போடு. 1968இலிருந்து நிற்கிறாள், நடுவில் 2001இல் எடுத்து, 2006இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணகிக்கு அந்த உயரம் சரி. மன்னனிடம் நீதி கேட்டவள், கை ஓங்கியவள். மோலி அப்படி இல்லை. வண்டி தரையில்தான் உருள வேண்டும். தரையில் நின்றதால்தான் என் அம்மாவால் குனிந்து கூடையைப் பார்க்க முடிந்தது, மட்டிதானா என்று விரலால் தடவிப் பார்க்க முடிந்தது. அவளைத் தூக்கி மேலே வைத்தால் அந்தக் கைகள் எட்டாது. அம்மாவின் கையும் எட்டாது. கை வைக்கிறவர்களுக்குப் பயந்து மீன்காரியைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்துவது, அவளை இன்னொரு முறை தண்டிப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. அவள் தரையிலேயே நிற்கலாமா என்பது அங்கே வருகிற நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

அதனால் வாருங்கள். வராதீர்கள் என்று சொல்வதற்கு எழுதவில்லை. வந்தால் பின்வருமாறு பாருங்கள் என்று கேட்கிறேன்.

காலையில் கடைகள் திறப்பதற்கு முன் வந்தால் கூட்டம் இருக்காது. முதலில் வண்டியைப் பாருங்கள். கூடையைப் பாருங்கள். குழந்தைகளைத் தூக்கி உள்ளே இருக்கிற சிப்பிகளைக் காட்டுங்கள், எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அவள் கைகள். பிடியை எப்படிப் பிடித்திருக்கிறாள் என்று பாருங்கள். பக்கத்தில் தெருப்பாடகர் யாராவது இருந்தால் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள், பெட்டியில் ஒன்றிரண்டு யூரோ போடுங்கள். மகிழ்ச்சியான மெட்டுப் போலத்தான் கேட்கும். மூன்றாவது கண்ணியில் அவள் சாகிறபோதும் மெட்டு மாறாது. அங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

படம் எடுக்க வேண்டுமா, வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுங்கள். ஏதோ வாங்க வந்தவர் மாதிரி நில்லுங்கள். அம்மாவுக்கு நான் அப்படித்தான் எடுத்தேன்.

நேரம் இருந்தால் அங்கிருந்து லிஃபி ஆற்றைத் தாண்டி, ஓ'கானல் தெரு வழியாக மூர் தெருவுக்கு நடந்து போங்கள். கால் மணி நேரம் ஆகலாம். அங்கே இன்றும் பெண்கள் பழமும் பூவும் வைத்துக் கூவி விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த இடங்கள் அங்கே உண்டு. மோலியின் பாட்டில் இரண்டாவது கண்ணி அதுதானே. அவர்களிடம் எதையாவது வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

ஊர் சுற்றிக் காட்டுகிற நண்பர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அந்த அதிர்ஷ்டக் கதையை இனிமேல் சொல்லாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் கூட்டம் சிரிக்காதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அந்திரேயா கோயிலைச் சொல்லுங்கள், ஆனி மூரைச் சொல்லுங்கள், இரண்டு கைகளும் வண்டியில் இருப்பதைக் காட்டுங்கள். கூட்டம் சிரிக்காது. ஆனால் கேட்கும்.

முதல் வாரம் வந்து இறங்கியிருக்கிற தங்கைகளுக்கு: உங்கள் கையில் யாராவது ஃபோனைக் கொடுத்து, "ஒரு படம் எடு" என்று சொல்லிவிட்டு மோலியை நோக்கிப் போனால், ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம். அந்த நிமிடம் சங்கடமாக இருக்கும். நான் அன்று சிரித்த நிமிடத்தைவிட அது சின்னது.

அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மறுபடி அங்கே போக வேண்டும் என்றார். போனோம். மழைத் தூறல், கூட்டமில்லை. அம்மா தன் சேலை முந்தானையால் வண்டியின் பிடியில் நின்ற தண்ணீரைத் துடைத்துவிட்டார். மோலியின் கை விரல்களையும் துடைத்தார். பிறகு, "போலாம், ஏட்டி" என்றார்.

அன்புடன்,
மீன்காரியின் மகள்
டப்ளின்